புரை முற்றட்டும்!

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், கண் டாக்டரின் முன்னால் மோவாயைத் தாங்கும் அந்த இயந்திரத்தில் முகத்தைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் இளம் வயதுப் பெண். என் பேத்தியைவிட ஐந்தாறு வயது பெரியவளாக இருக்கலாம். விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, ஐயா. வலது கண்ணை முதலில் செய்துவிடலாம்" என்றார்.

நான் என்னையும் அறியாமல், "இன்னும் கொஞ்சம் முற்றட்டுமே, அம்மா!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "முற்றி என்ன ஆகவேண்டும்?" என்று கேட்டார்.

வார்த்தைகளை வைத்தே ஐம்பது வருஷம் காலம் தள்ளியவன் நான். ஆனாலும் அந்தக் கேள்விக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. பலாக்காய் முற்றவேண்டும், நெல் முற்றவேண்டும். கண்ணில் விழுந்த புரை எதற்காக முற்றவேண்டும்? யோசித்துப் பார்த்தபோது, நான் சொன்னது என் வார்த்தையே அல்ல என்று தெரிந்தது. அறுபது வருஷங்களுக்கு முன் தாமிரபரணிக் கரையில் எங்கள் வீட்டில் நாள்தோறும் புழங்கிய வார்த்தை அது. எங்கள் வீட்டுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். தேடல் என்னை இரண்டாயிரம் வருஷங்களுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

முதலில் புரை என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் கண்ணின் கருமணிக்குப் பின்னால், பயறு போன்ற வடிவத்தில், பளிங்குபோலத் தெளிந்த ஒரு சிறு வில்லை இருக்கிறது. வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. வயசு ஏற ஏற அந்த வில்லை மங்குகிறது. சூடு பட்ட முட்டையின் வெண்கரு வெளுக்கிறதே, ஏறக்குறைய அந்த மாதிரிதான். தலை நரைப்பதுபோல இதுவும் அநேகமாக எல்லோருக்கும் வருவது. இது தொற்றும் வியாதி அல்ல; வலியும் இல்லை. வலி இல்லாததுதான் இதில் உள்ள பெரிய அபாயம். வலித்தால் வீட்டில் யாராவது கவனிப்பார்கள்.

புரை என்பது அந்த வில்லையின் மங்கல்தான் என்பதை மனிதர்கள் வெகுகாலம் அறியவில்லை. தலையிலிருந்து ஏதோ ஒரு நீர் கண்ணுக்குள் இறங்கி, வில்லைக்கு முன்னால் திரைபோலத் தேங்கிக்கொள்கிறது என்றே மேல்நாட்டு வைத்தியர்கள் நினைத்தார்கள். ஆங்கிலத்தில் இன்றும் புரைக்கு வழங்கும் 'காட்டராக்ட்' என்ற பெயருக்கு நீர்வீழ்ச்சி என்று பொருள் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் என்பவர், அந்த நீர் நீராக இருக்கும்வரை தொடாதே, அது உறைந்து கெட்டியாகட்டும் என்று எழுதி வைத்தார். எங்கள் வீட்டு 'முற்றட்டும்' என்ற வார்த்தையை முதன்முதலில் நான் கண்டுபிடித்த இடம் அதுதான்.

அந்தக் காலத்து ரணசிகிச்சை என்ன தெரியுமா? மெல்லிய ஊசி ஒன்றை விழிக்குள் செலுத்தி, மங்கிப்போன வில்லையைப் பார்வைக்குக் குறுக்கே நிற்காமல் கீழே தள்ளிவிடுவது. ஜன்னலை மறைத்த பெட்டியை அறைக்குள்ளேயே தரையில் சரித்துவிடுகிற மாதிரி. நம் நாட்டில் சுசுருதர் இந்தச் சிகிச்சையை மிக நுணுக்கமாக விவரித்திருக்கிறார். வார்கோதுமை மணியின் வடிவத்தில் முனை அமைந்த சலாகை. வலது கண்ணுக்கு இடது கை, இடது கண்ணுக்கு வலது கை. முடிந்தபின் கண்ணில் நெய்யும் துணிக்கட்டும். நோயாளி மல்லாந்து படுத்திருக்கவேண்டும், தும்மக்கூடாது, இருமக்கூடாது, ஏப்பம் விடக்கூடாது, துப்பக்கூடாது. ஏப்பத்தைக்கூட மறக்காமல் எழுதிவைத்த அந்த மனிதரின் முன்னால் எத்தனை கிழவர்கள் பயத்தோடு படுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஊசியால் தள்ளும் இந்த முறை, கைதேர்ந்தவரிடம் சில சமயம் பலித்தது. மற்றவர்களிடம் கண்ணையே பறித்தது. ஐரோப்பாவில் ஜான் டெய்லர் என்று ஒருவர் இருந்தார். ஊர் ஊராக ஆடம்பரமாகப் பவனி வந்த கண் வைத்தியர். சங்கீத மேதை பாஹ் கண் மங்கிப்போய், 1750-ஆம் வருஷம் லைப்சிக் நகரில் இவரிடம் இரண்டு முறை சிகிச்சை செய்துகொண்டார். பார்வை வரவில்லை, உடம்பும் தேறவில்லை. அதே வருஷம் ஜூலை மாதம் 28-ஆம் தேதி, தம் அறுபத்தைந்தாவது வயதில், பாஹ் காலமானார். உலகம் கொண்டாடும் ஒரு மனிதருக்கே அந்தக் கதி என்றால், பெயர் தெரியாத கிழவர்களையும் கிழவிகளையும் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நம் ஊர்ப்பக்கமும் இம்மாதிரி ஊசி வைத்தியர்கள் கிராமம் கிராமமாகத் திரிந்தார்கள். அவர்கள் கைபட்டுக் கெட்டுப்போன கண்களைப்பற்றி, சென்னை அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியில் தலைமை வகித்த எலியட் என்ற டாக்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புத்தகமே எழுதினார்.

இதற்கிடையே பிரான்சு தேசத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. 1705-ல் பிரிஸ்ஸோ என்ற வைத்தியர், இறந்துபோன ஒரு சிப்பாயின் கண்ணை அறுத்துப் பார்த்து, புரை என்பது திரையும் அல்ல, நீரும் அல்ல, வில்லைதான் மங்கியிருக்கிறது என்று கண்டார். 1747-ல் தாவியேல் என்பவர், வில்லையைக் கீழே தள்ளுவதற்குப் பதிலாக, விழியின் முன்பக்கத்தைக் கீறி அதை வெளியிலேயே எடுத்துவிட்டார். சுசுருதர் காலத்திலிருந்து கண்ணுக்குள்ளேயே கிடந்த பெட்டி முதன்முதலாக வீட்டை விட்டு வெளியே வந்தது!

ஆனால் இங்கேதான் 'முற்றட்டும்' என்ற வார்த்தைக்குப் புது உயிர் வந்தது. தாவியேலின் முறையில் வில்லையின் உறையைக் கிழித்து உள்ளே இருப்பதைப் பிதுக்கி எடுக்கவேண்டும். நன்றாக முற்றிய புரையானால் மாம்பழத்திலிருந்து கொட்டை வருவதுபோல வந்துவிடும். முற்றாததானால் பசைபோல உள்ளே ஒட்டிக்கொண்டு, கண்ணில் அழற்சியை உண்டாக்கும், திரும்பவும் மறைக்கும். ஆகையால் டாக்டர்கள் காத்திருக்கச் சொன்னார்கள். செல்சஸ் சொன்ன காரணம் தவறு; தாவியேலுக்குப் பின் வந்தவர்கள் சொன்ன காரணம் சரி. வார்த்தை மட்டும் ஒன்று. அப்போது மயக்க மருந்துச் சொட்டுகூடக் கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர் என்ற இளைஞர், கொக்கெயினைக் கண்ணில் சொட்டுவிட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டுபிடித்தது 1884-ல்தான். அதுவரை, நினைவோடு விழித்திருக்கும் மனிதனின் கண்ணில் கத்தி வைத்தார்கள்.

தமிழ்நாடும் இந்தச் சரித்திரத்தில் சும்மா இருந்துவிடவில்லை. 1798-லிருந்து 1832 வரை தஞ்சையில் அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னருக்குக் கண் மருத்துவத்தில் அபாரமான சிரத்தை. கண் நோயாளிகளைப்பற்றிய குறிப்புகள், கண்களை வர்ணத்தில் தீட்டிய படங்களோடு, சரஸ்வதி மகால் நூல்நிலையத்தில் இருக்கின்றன. சென்னையில் 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கண்ணுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். லண்டனில் கண் ஆஸ்பத்திரி ஏற்பட்டுப் பதினான்கே வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தச் சென்னை ஆஸ்பத்திரி எழும்பூரில் இன்றும் நடக்கிறது.

பஞ்சாபில் ஜலந்தர் நகரத்தில் இருந்த ஹென்றி ஸ்மித் என்ற டாக்டர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வழி காட்டினார். உறையைக் கிழிக்காமல், உறையோடு வில்லையை அழுத்தி வெளியே எடுத்தார். உறையோடு வந்துவிட்டால் பசையாவது, ஒட்டுவதாவது? முற்றும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை என்று ஆயிற்று. நம் நாட்டிலேயே, ஆயிரக்கணக்கான கிழவர்களின் கண்களில், இது நிரூபணமாயிற்று.

அப்படியானால் வார்த்தை அன்றே செத்திருக்கவேண்டாமா? சாகவில்லை. அதற்கு மூன்றாவதாக ஒரு காரணம் கிடைத்தது. வில்லையை எடுத்துவிட்ட கண்ணுக்கு, அதற்குப் பதிலாகத் தடித்த கண்ணாடி ஒன்று தேவைப்பட்டது. சோடாப்புட்டிக் கண்ணாடி என்று பையன்கள் கேலி செய்வார்களே, அதுதான். அதன் வழியே பார்த்தால் உலகம் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகத் தெரியும். தம்ளரைப் பிடிக்கக் கை நீட்டினால் தம்ளர் அங்கே இருக்காது. ஒரு கண் நன்றாக இருந்து, மற்றொரு கண்ணில் மட்டும் சிகிச்சை செய்தாலோ, பெரிய பிம்பமும் சிறிய பிம்பமும் ஒன்று சேராமல் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஆகவே, ஒரு கண்ணிலாவது பார்வை இருக்கும்வரை பொறுத்திருங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அதுவும் நியாயமான யோசனைதான்.

அந்த யோசனையைத்தான் 1964-ல் எங்கள் ஆச்சிக்கும் சொன்னார்கள்.

அப்பா ஆச்சியை வாடகைக் காரில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். எனக்குப் பதினான்கு வயசு. இடது கண்ணில் புரை நன்றாக விழுந்துவிட்டது, வலது கண்ணில் பார்வை இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள், இன்னும் கொஞ்சம் முற்றட்டும் என்றார் டாக்டர். அவர் சொன்னதில் 'ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்பது வீடு வந்து சேர்வதற்குள் எங்கேயோ தவறிப் போய்விட்டது. 'முற்றட்டும்' மாத்திரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆறு மாதத்தில் அறுப்பு வந்தது. அறுப்பு முடியட்டும் என்றார்கள். பிறகு அத்தையின் கல்யாணம், அதுவும் முடியட்டும். முற்றட்டும் என்பதற்கும் முடியட்டும் என்பதற்கும் நடுவில் இரண்டு வருஷங்கள் போயின. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆச்சியின் மீது உயிரையே வைத்திருந்தவர் என் தகப்பனார்.

ஆச்சியும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. அரிசியில் கல்லை விரலாலேயே பொறுக்கினாள். காலடிச் சத்தத்தை வைத்து ஆளைச் சொன்னாள். நடையிலிருந்து கிணற்றுக்கு எத்தனை எட்டு என்று அவளுக்குக் கணக்கு இருந்தது. ஒரு நாள் அந்தியில் நான் சத்தமில்லாமல் பட்டாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆச்சி குத்துவிளக்கில் தீக்குச்சியை வைத்தாள். பிறகு உள்ளங்கையைத் திரிக்கு மேலே மெதுவாகக் கொண்டுபோய்ப் பிடித்தாள். விளக்கு எரிகிறதா இல்லையா என்பதைச் சூட்டை வைத்துத் தெரிந்துகொண்டாள்!

"ஆச்சி, ஒனக்குக் கண்ணு தெரியலையா?" என்று கேட்டேன்.

ஒரு கணம் திடுக்கிட்டாள். பிறகு, "சத்தம் போடாதல. ஒங்க அப்பாகிட்டச் சொல்லிராத, என்ன? கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு. முத்தட்டும்னு டாக்டரே சொல்லியிருக்காருல்லா? இந்த வயசுல கண்ணு இருந்து நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்?" என்றாள்.

நான் சொல்லவில்லை. ஆச்சி சொன்ன ரகசியம், அதைக் காப்பாற்றுவது பெருமை என்று நினைத்தேன்.

1966-ஆம் வருஷம் ஐப்பசி மழையில் கிணற்றடி பாசி பிடித்திருந்தது. விடியுமுன் எழுந்துபோன ஆச்சி வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. தென்னோலைப் பந்தல் போட்ட பின்கட்டில் தை மாதம்வரை கிடந்தாள். அவளுடைய புரை அப்போது நன்றாக முற்றியிருந்தது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதை எழுதுவதற்காகப் படித்தபோது ஒரு செய்தி என் கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில், எழுபது வயதைத் தாண்டிய 306 பெண்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்து 2005-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதியினருக்கு முதல் கண்ணின் புரையை உடனே நீக்கினார்கள். மறு பாதியினர் வழக்கம்போலக் காத்திருந்தார்கள். உடனே செய்துகொண்டவர்கள் கீழே விழுவது நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. படித்த பிறகு வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

ஆச்சி ஆஸ்பத்திரிக்குப் போன காலத்தில் மாற்று வழி இல்லாமல் இல்லை; எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் உலக யுத்தத்தில், விமானத்தின் மேல்மூடி நொறுங்கி அதன் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் பாய்ந்தன. அவர்களுக்குச் சிகிச்சை செய்த ஹெரால்டு ரிட்லி என்ற ஆங்கில டாக்டர் ஒரு விந்தையைக் கவனித்தார். கண்ணுக்குள் தங்கிவிட்ட அந்தச் சில்லுகளைக் கண் வெறுக்கவில்லை! அப்படியானால் அந்தப் பொருளிலேயே ஒரு வில்லை செய்து உள்ளே வைத்தால் என்ன? 1949-ஆம் வருஷம் நவம்பர் 29-ஆம் தேதி லண்டனில் முதன்முதலாக வைத்துப் பார்த்தார். சக டாக்டர்கள் பாராட்டவில்லை. கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதல்லவோ நம் தொழில், இவர் வைக்கிறாரே என்று பல வருஷம் எதிர்த்தார்கள். அரசாங்கம் அவருக்கு 'சர்' பட்டம் அளித்தபோது வருஷம் 2000. அவருக்கு வயசு தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அதற்குள் அவர் கண்களிலும் புரை விழுந்து, அவர் கண்டுபிடித்த வில்லையையே வைத்துக்கொண்டிருந்தார்.

1967-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன் என்பவர், பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பல்லைச் சுத்தம் செய்யும் கருவியின் அதிர்வைக் கண்டு, அதே மாதிரி ஒலி அதிர்வினால் புரையைப் பொடியாக்கி உறிஞ்சும் முறையை உண்டாக்கினார். இன்று கீறலின் அளவு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், தையல்கூட வேண்டாம்.

இவை நம்மவர்க்கு எட்டியது மதுரை மார்க்கமாக. டாக்டர் கோ. வெங்கடசாமி, இளம் வயதில் மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொண்டவர். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் சிகிச்சைகள் செய்தவர். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஐம்பத்தெட்டு வயதில், 1976-ல், பதினொரு படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதைச் சேர்ந்தவர்களே 1992-ல் உள்வில்லைகளைச் செய்யும் தொழிற்சாலையை அமைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வில்லையின் விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு வில்லை கிடைத்தது. சோடாப்புட்டிக் கண்ணாடி திண்ணைகளிலிருந்து மறைந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது அந்தப் பெண் டாக்டரின் கேள்விக்கு வருகிறேன். முற்றி என்ன ஆகவேண்டும்? செல்சஸின் காரணம் 1705-ல் பொய்யாயிற்று. தாவியேல் காலத்துக் காரணம் ஸ்மித்தோடு தீர்ந்தது. கண்ணாடியின் காரணம் ரிட்லியின் வில்லையோடு ஒழிந்தது. அதுமட்டுமல்ல, நிலைமை தலைகீழாகவும் மாறிவிட்டது. புரை முற்ற முற்ற வில்லை கல்லுப்போல் இறுகுகிறது. அதை உடைக்க அதிக அதிர்வு வேண்டும், சிகிச்சை கடினமாகிறது. அளவுக்கு மிஞ்சி முற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, தாங்கமுடியாத வலியும் நிரந்தரக் குருடும் வரலாம். ஒரு காலத்தில் மருந்தாக இருந்த வார்த்தை இன்று விஷமாகிவிட்டது. வார்த்தைக்கு அது தெரியாது. நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும்.

பார்வை சற்று மங்கியவுடனே கத்தியைத் தேடி ஓடவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அன்றாடக் காரியத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதா என்பதுதான் இன்றைய அளவுகோல். ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும். ஏனென்றால் மங்கலெல்லாம் புரை அல்ல. கண் நீர் அழுத்த நோயும், சர்க்கரை வியாதியால் விழித்திரைக்கு வரும் கேடும் இதே மாதிரி ஓசையில்லாமல் வரும். அழுத்த நோயால் போன பார்வை திரும்பி வருவதே இல்லை. 'புரைதானே, முற்றட்டும்' என்று திண்ணையில் உட்கார்ந்து நாமே தீர்ப்புச் சொல்லிவிட்டால், அது வேறு வியாதியாக இருந்து நம்மை ஏமாற்றிவிடும்.

இந்தியாவில் 2015-லிருந்து 2019 வரை எடுத்த தேசியக் கணக்கில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பார்வையற்றுப் போனவர்கள் நூறு பேரில் 66 பேருக்குக் காரணம் புரையே. சில நிமிஷ சிகிச்சையில் தீரக்கூடியது. பல இடங்களில் இலவசமாகவே செய்கிறார்கள். அப்படியும் நூற்றுக்கு அறுபத்தாறு! கூட்டிக்கொண்டு போக ஆளில்லாமல் எத்தனை பேர், சொல்லக் கூச்சப்பட்டு எத்தனை பேர், 'கல்யாணம் முடியட்டும்' என்று எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. அது வீட்டிலிருப்பவர்களுக்குத்தான் தெரியவேண்டும்.

எனக்கு வலது கண் முடிந்துவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கட்டை அவிழ்த்தபோது, எங்கள் வீட்டுச் சுவர் நான் நினைத்திருந்ததுபோல் மஞ்சள் அல்ல, வெள்ளை என்று தெரிந்தது. சுவருக்குப் பூச்சு அடிக்கவேண்டும் என்று இரண்டு வருஷமாக நான் செய்துவந்த ரகளையை என் மனைவி அன்று நினைவூட்டினாள். இடது கண்ணுக்கு வருகிற மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால், இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரிலுள்ள தினசரிக் காலண்டரில் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு. "எனக்கென்ன, எல்லாம் தெரிகிறது" என்று அவர் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். விளக்கு ஏற்றும்போது கொஞ்சம் தள்ளி நின்று அவர் கையைப் பாருங்கள்.